எல்லை எழுதாத வேலை

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் கணிப்பொறித் தொழிலை மேற்கொண்ட பிள்ளைகள் இன்று பலர். பெரிய கம்பெனிகளில் மாதச் சம்பளம் பெறுவோர் ஒருபுறமிருக்க, நண்பர் இருவர் மூவர் கூடி, வணிகர்களுக்கும் பள்ளிகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கும் இளைஞர்களும் பெருகி வருகின்றனர். இவர்களுடைய பெற்றோர் நம்மிடம் கூறும் குறை ஒன்றே: “இரவு பகலாய் உழைக்கிறான், வேலையும் முடிந்தபாடில்லை, பணமும் வந்தபாடில்லை.” இதன் காரணத்தை இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

நாம் அறிந்த இளைஞர் ஒருவர், நம்மவர் நடத்தும் மளிகைக் கடைக்குப் பில் போடும் மென்பொருள் செய்து தர இசைந்தார். காலம் இரண்டு மாதம். தொகையும் வாய்ச்சொல்லால் பேசி முடிந்தது. பில் போடுவது நன்றாகவே அமைந்தது. அதைக் கண்ட கடைக்காரர், “சரக்கு இருப்பும் இதிலேயே தெரிந்தால் நலமன்றோ?” என்றார். இளைஞர் மறுக்கவில்லை. பின்னர்க் கடன் வாங்கியோர் கணக்கு வந்தது. அதன் பின்னர்க் கைப்பேசியில் ஆர்டர் பெறும் ஏற்பாடு வந்தது. இரண்டு மாதம் எட்டு மாதமாயிற்று. பேசிய தொகையோ பேசியபடியே நின்றது. ‘வேலை முடியவில்லை, மிச்சப் பணம் எதற்கு?’ என்பது கடைக்காரரின் வாதம். ‘பேசிய வேலை என்றோ முடிந்தது’ என்பது இளைஞரின் வாதம். இருவரும் பொய்யர் அல்லர். எது வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே இருவர் கூற்றும் மெய்யாயின. பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் உண்ட குடும்பங்கள் இன்று எதிர்ப்பட்டால் முகம் திருப்பிக்கொள்கின்றன.

இத்துன்பம் சிறு தொழிலுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் டென்வர் நகரத்துப் புதிய விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளை இயந்திரமே தரம் பிரித்துக் கொண்டு செல்லும் பெரியதோர் ஏற்பாட்டைத் திட்டமிட்டனர். குறித்த நாளுக்குப் பின் மாறுதல் எதுவும் கேட்கலாகாது என்னும் நிபந்தனையோடுதான் வேலை தொடங்கிற்று. ஆயினும் அதைப் பயன்படுத்த வேண்டிய விமானக் கம்பெனிகள் முதற்பேச்சில் உடன் இருக்கவில்லை. பின்னர் வந்து, பனிச்சறுக்குக் கட்டைகளைக் கொண்டு செல்லவும் வழி வேண்டும் என்பது போன்ற மாறுதல்களைக் கேட்டன. நிபந்தனை தளர்ந்தது. 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரியில்தான் திறந்தது. அப்போதும் அவ்வேற்பாடு நிலையத்தின் ஒரு பகுதிக்கே பயன்பட்டது. 2005-இல் அதனை அடியோடு கைவிட முடிவு செய்தனர். தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் எல்லை நெகிழ்ந்தது அவற்றுள் முக்கியமானது.

இதற்கு மாறாக, நாம் பணி செய்யும் இரயில்வேயின் முன்பதிவு முறையைப் பாருங்கள். ஊருக்குப் போகுமுன் திரும்பிவரும் டிக்கெட்டுக்குத் தந்தி அனுப்பிக் காத்திருந்த காலத்தை மூத்த அன்பர்கள் நினைவுகூர்வர். கணிப்பொறி வந்தவுடன் நாடு முழுவதையும் ஒரே நாளில் இணைத்துவிட எவரும் முனையவில்லை. 1985-இல் புது தில்லியில் மட்டும் சோதனையாகத் தொடங்கினர். பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்கள் பின்னர் வந்தன. அப்போதும் ஒவ்வொரு நகரத்துக் கணிப்பொறியும் தனித்தே இயங்கிற்று. அவ்வைந்தும் ஒன்றோடொன்று முழுமையாக இணைந்தது 1999-இல். 2002-இல் இணையத்தின் வழியே டிக்கெட் வாங்கும் வசதி வந்தபோதும், அச்சிட்ட டிக்கெட் கூரியரில்தான் வீடு வந்து சேர்ந்தது. பயணியே அச்சிட்டுக்கொள்ளும் இ-டிக்கெட் 2005-இல் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘இவ்வளவு இப்போது, மற்றவை பிறகு’ என்ற எல்லை இருந்தது. முடிந்த பகுதி அன்றே மக்களுக்குப் பயன்பட்டது.

ஆதலின் மென்பொருள் வேலையை ஏற்கும் நம் இளைஞர்களுக்குச் சில கூறுவோம்.

முதலாவது, செய்யப்போவதை வாடிக்கையாளரின் சொற்களிலேயே எழுதுக. ‘வசதியான மென்பொருள்’ என்பது எல்லையாகாது. ‘பில் அச்சிடல், நாள் முடிவில் விற்பனைக் கூட்டுத்தொகை காட்டல்’ என்பதே எல்லையாகும்.

இரண்டாவது, செய்யாததையும் எழுதுக. ‘சரக்கு இருப்பும் கடன் கணக்கும் இதில் அடங்கா’ என்ற ஒரு வரி முன்னரே இருந்திருப்பின், மேற்சொன்ன இரு குடும்பங்களும் இன்றும் நட்பாயிருக்கும். பெரும்பாலோர் விட்டுவிடும் வரியும் இதுவே.

மூன்றாவது, எப்போது வேலை முடிந்ததாகக் கொள்வது என்பதை எழுதுக. சென்ற மாதத்துப் பில்களை மென்பொருளில் ஏற்றிப் பார்க்கையில், கூட்டுத்தொகை கடையின் பேரேட்டோடு ஒத்திருந்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, மாறுதல் கேட்டால் அதற்கெனத் தனிச் சீட்டு எழுதுக. என்ன மாறுதல், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்ற மூன்றையும் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட பின்னரே வேலையில் கை வைக்க வேண்டும். இரயில்வேக் கட்டுமானப் பணிகளிலும், ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட்டுக்குப் புறம்பான முக்கிய மாறுதலுக்குப் புதிய ஒப்புதல் பெற வேண்டும் என்பதே விதி.

ஐந்தாவது, மாறுதல் கேட்கும் உரிமை ஒருவரிடமே இருக்கட்டும். தந்தை ஒன்று சொல்ல, மகன் மற்றொன்று சொல்ல, கணக்குப்பிள்ளை மூன்றாவது ஒன்று சொன்னால், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும்.

ஆறாவது, வேலையைப் பகுதிகளாக்கி, பகுதிக்கேற்பப் பணம் பெறுக.

“கண்ணால் கண்ட பிறகுதானே தேவை தெரிகிறது? எல்லாவற்றையும் முன்கூட்டி எப்படி எழுத முடியும்?” என்று வாடிக்கையாளர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இக்காரணத்தால்தான் இக்காலத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை வேலையைக் காட்டி, அடுத்துச் செய்வதைப் பேசி வகுத்துக்கொள்ளும் முறை பரவியுள்ளது. அம்முறையிலும் அந்த இரண்டு வாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. புதியதொன்று உள்ளே வந்தால் அதே அளவு பழையதொன்று வெளியேறும். இல்லையேல் நாளும் பணமும் கூடும். ஆகவே, “முடியாது” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டுவதில்லை. “நல்ல யோசனை, அடுத்த பகுதியில் சேர்ப்போம், அதற்கு இவ்வளவு ஆகும்” என்றால் போதும்.

வாடிக்கையாளராய் இருக்கும் வணிக அன்பர்களுக்கும் ஒரு சொல். எழுத்து உங்களுக்கும் காவலே. பேசிய பகுதி பேசிய நாளில் கைக்கு வருவதற்கு அதுவே பிணை.

“நம்மவர்தானே, எழுத்து எதற்கு?” என்று கேட்பது நம்மிடையே வழக்கம். நம்மவர் என்பதனாலேயே எழுத வேண்டும் என்கிறோம். அயலாரிடம் இழந்தால் பணம் போகும்; வேறு வேலை தேடிக்கொள்ளலாம். பிறந்த ஊரை விட்டு வந்த இடத்தில் நமக்கென்று உள்ள குடும்பங்களோ சில. அவற்றுள் ஒன்றை இழந்தால் ஈடு செய்வது எளிதன்று. அடுத்த வேலையை ஏற்குமுன் ஒரு தாளை எடுத்து, செய்வது இது, செய்யாதது இது என்று இருவருமாய் அமர்ந்து எழுதுங்கள். அரை நாளில் முடியும் காரியம் அது.