பழமைக்கு ஒரு பரீட்சை

பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜாவையும் வெற்றிலைப் பெட்டியையும் எடைக்குப் போட்டவர்கள் நாம்தான். இப்போது அவற்றைக் கடை கடையாகத் தேடி அலைகிறவர்களும் நாம்தான். இந்த வரிசையில் மோட்டார் எண்ணெய்க் கம்பெனிகளின் பழைய எனாமல் விளம்பரப் பலகைகளும் சேர்ந்துவிட்டன. பெட்ரோல் பம்பருகே வெயிலிலும் மழையிலும் தொங்கியவை, இன்று கூடத்துச் சுவரில் ரவிவர்மா படத்துக்குப் பக்கத்தில் கொலுவீற்றிருக்கின்றன. கிராக்கி வந்த இடத்துக்குப் போலியும் வராமல் இருக்குமா?

சென்ற மாதம் ஸ்நேகிதர் ஒருவர் நம்மைப் பழம்பொருள் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். அவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அவருடைய தகப்பனார் பர்மா ஷெல் பம்பு ஒன்றில் பல வருஷம் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. "அவர் நின்ற பலகையைப் போல் ஒன்றாவது சுவரில் இருக்கட்டுமே" என்பது மாஸ்டரின் ஆசை.

"1935-ஆம் வருஷத்துச் சரக்கு, ஸார்! பதினெட்டாயிரம் ரூபாய்" என்றார் கடைக்காரர். மாஸ்டரின் கை பைக்குள் போய்விட்டது. "சற்றுப் பொறுங்கள்" என்று நாம் குறுக்கிட்டோம்.

எனாமல் என்பது சாதாரண வர்ணப் பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள உலையில் வைத்து உருக்கி ஒட்டவைப்பது. முதலில் கருநிறத்தில் ஓர் அடிப்பூச்சு. பிறகு ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியாக ஒரு சூடு. ஆகையால் பழைய பலகையில் விரலை ஓட்டினால், ஒரு வர்ணம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் சிறு படி தட்டுப்படும். தகடும் கனமாக இருக்கும். கல் பட்டுச் சில்லுப் பெயர்ந்த இடத்தில் மேல் வர்ணம், கருநிற அடிப்பூச்சு, இரும்பு என்று அடுக்கடுக்காகத் தெரியும். பல வருஷத்துத் துரு கருமை கலந்து இறுகியிருக்கும். அவசரமாக ஏற்றிய துருவோ ஈரத் துணியில் செம்மண்போல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

திருகாணித் துவாரங்களையும் பார்க்க வேண்டும். பல வருஷம் முடுக்கப்பட்ட துவாரத்தைச் சுற்றிக் கண்ணாடி விரிந்து, ஆணித் தலையின் தடம் பதிந்திருக்கும். நம்முன் இருந்த பலகையிலோ துவாரங்கள் நேற்றுப் போட்டவைபோல் சுத்தமாக இருந்தன. நான்கு மூலைகளில் மட்டும் அளவெடுத்தாற்போல் நான்கு சேதம். தெருப் பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காகக் கல்லெறிந்து நாம் பார்த்ததில்லை!

இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக நம்பிவிடக் கூடாது. போலி செய்கிறவர்களும் எனாமலை உலையில்தான் சுடுகிறார்கள். ஆனால் சரித்திரத்தைச் சுட்டு மாற்ற முடியாதல்லவா? பர்மா ஷெல் கம்பெனி இந்தியாவில் 1928-ல் ஏற்பட்டது. 1976-ல் தேசிய உடைமையாயிற்று. ஷெல்லின் சிப்பிச் சின்னம் காலத்துக்குக் காலம் மாறிவந்தது. சில கோடுகளிலேயே தெளிவாகத் தெரியும் இன்றைய உருவத்தை ரேமண்ட் லோவி என்ற சித்திர நிபுணர் 1971-ல் அமைத்தார். கடைக்காரரின் "1935-ஆம் வருஷத்து" பலகையில் இருந்தது அந்தச் சிப்பிதான்.

அதன் கீழே "பெட்ரோல் விற்பனை நிலையம்" என்று தமிழில் எழுதியிருந்தது. நாம் தமிழ் வாத்தியாரல்லவா? கண் அங்கேதான் போயிற்று. 'னை', 'லை' என்னும் எழுத்துக்கள் அந்நாளில் யானைத் துதிக்கையைத் தூக்கினாற்போல் முன்புறம் வளைவுடன் எழுதப்பட்டவை. பெரியார் தம் 'குடி அரசு' பத்திரிகையில் 1935-லேயே எழுத்தைச் சீர்திருத்தினார். ஆனால் தமிழக அரசாங்கம் அதை ஏற்று உத்தரவு போட்டது 1978-ல்தான். அந்த உத்தரவுக்கு முன்பே மறைந்துபோன கம்பெனியின் பலகை, உத்தரவுக்குப் பின்னால் வந்த எழுத்தில் பேசியது!

கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னோம். அவர் முகம் வாடிவிட்டது. "என்னிடம் விற்றவன் அப்படித்தானே சொன்னான், ஸார்!" என்றார். ஏமாந்தவர்களில் அவரே முதல்வர் போலும். பிறகு, "புதுசென்றே வைத்துக்கொண்டு இரண்டாயிரம் கொடுங்கள்" என்றார்.

மாஸ்டர் தலையசைத்துவிட்டார். "புதிது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன். பொய் சொன்ன பலகைக்குக் கீழே அப்பாவை எப்படி நினைப்பது?"

நகல் செய்வது குற்றமல்ல. நகலுக்கு இல்லாத வயதை ஏற்றுவதுதான் குற்றம். வாசகர்கள் பலகை வாங்கப் போனால் பணத்தோடு கொஞ்சம் சரித்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போவது நலம்.

நேற்று மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்துச் சுவரில் ஒரு பென்சில் சித்திரம் தொங்கியது. கையால் சுழற்றும் பெட்ரோல் பம்பு. அருகே காக்கிச் சட்டையில் மெலிந்த மனிதர் ஒருவர். தலைக்கு மேலே ஒரு பலகை. மாஸ்டர் ஞாபகத்திலிருந்து தம் கையாலேயே போட்டது. பலகையில் எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் 'லை' துதிக்கையோடு இருந்தது.