தெளிந்த ஜலம்

நம் வகுப்பறையில் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்தோம். செங்கற்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மீன் புதிதல்லவே! அன்றே ஜலம் நிரப்பி, அன்றே 12 மீன்களை விட்டோம். நான்காம் நாள் காலையில் 9 மீன்கள் செத்து மிதந்தன. "ஜலம் தெளிவாகத்தானே இருக்கிறது, ஸார்?" என்றான் ஒரு சிறுவன். பட்டம் பெற்ற நம்மிடம் விடை இல்லை.

விசாரித்த பிறகே விஷயம் விளங்கிற்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட் என்னும் இன்னொரு நஞ்சாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை மணலிலும் வடிகட்டியிலும் குடியேற 4 முதல் 6 வாரம் செல்லும்.

மறுமுறை மணல் பரப்பி, செடி நட்டு, சிட்டிகை இரை மட்டும் தினம் தூவி, 6 வாரம் காத்திருந்தோம். பிறகு பாதி ஜலத்தை மாற்றி, 3 கெண்டைக் குஞ்சுகளோடு தொடங்கினோம்.

தொட்டி வைக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் வேண்டியதில்லை, வாரந்தோறும் கால் பங்கு ஜலம் மாற்றுவது அவசியம். விரால் குஞ்சைச் சேர்க்கலாகாது. அது வளர்ந்தால் மற்றவை அதற்கு இரை.

தெளிந்த ஜலமெல்லாம் பக்குவமான ஜலமன்று என்று அச்சிறுவனே இப்போது புது மாணாக்கருக்குச் சொல்லுகிறான்.