கண்ணுக்கும் ஓவியத்துக்கும் நடுவே

பழைய கண்ணோடு அரும்பொருளகத்துள் நுழைபவன் பிற்போக்காளன் என்று ஒரு சாரார் முழங்கத் தொடங்கியிருக்கின்றனர். ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ எனப்படும் மிகைமெய்மை அவர்கள் கண்டெடுத்த புதிய தெய்வம். கைத்தொலைபேசியை ஓவியத்தின் எதிரே நீட்டினால் போதுமாம். அதன்மேல் வேறு உருவங்கள் எழுந்து ஆடுமாம். சுவைஞனும் படைப்பில் பங்காளி ஆகிவிடுவானாம். இந்தப் பங்காளிப் பட்டத்தின் தரத்தை நம் மண்ணில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே உரசிப் பார்ப்போம்.

மலாக்காவில் அதிகாரம் செலுத்திய வில்லியம் ஃபார்குவார், பின்னர் 1819இல் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக வந்தவர், சீன ஓவியர்களை அமர்த்தி இத்தீபகற்பத்தின் மரஞ்செடிகளையும் உயிரினங்களையும் வரைவித்தார். 477 ஓவியங்கள் எஞ்சியுள்ளன. வரைவித்தவரின் பெயர் தொகுப்புக்கே பெயராயிற்று. தூரிகை பிடித்தவர்களின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே கையொப்பம் கோடுதான். தாப்பிரின் உடலில் கருமை முடிந்து வெண்மை தொடங்கும் விளிம்பில் அந்தக் கை எவ்வளவு நிதானித்திருக்கும்!

2016இல் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகம், இவற்றுள் 69 ஓவியங்களை ஜப்பானியக் கலைக்குழுவான டீம்லேப்பின் துணையோடு அசையும் வனமாக்கிக் காட்டியது. இருண்ட கூடத்தின் சுவரெல்லாம் மலரும் விலங்கும். அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முப்பரிமாண உருவமானபோது அந்தக் கோடு மறைந்தது. கைத்தொலைபேசியைக் காட்டினால் விலங்கு ‘பிடிபட்டு’ நம் தொகுப்பில் சேர்ந்தது; சில குறிப்புகளும் வந்தன. காண வந்தவனை வேட்டைக்காரனாக்கியது அந்தக் கருவி. குடியேற்ற ஆட்சியின் அதிகாரி செய்த சேகரிப்பையே ஒவ்வொரு பார்வையாளனும் சிறிய அளவில் மீண்டும் செய்தான். ஓவியன் இரண்டாம் முறையாகவும் பெயரிழந்தான். பங்காளி என்பது இதுதானா?

மூலத்தாள்கள் ஒளியில் மங்குவன, அவற்றை எந்நாளும் காட்ட இயலாது என்பர். மெய்தான். அதனாலேயே, மூலத்துக்கு மாற்றாக வருவது மூலத்தின் கோட்டுக்கு உண்மையாக இருத்தல் வேண்டும் என்கிறேன். இளைஞர் திரள்கின்றனர் என்ற வாதமோ திரையரங்கு உரிமையாளருக்குப் பொருந்தும். அரும்பொருளகத்துக்கு அது கணக்கேயன்று.

கருவியின்மேல் எனக்குப் பகையில்லை. 2018இல் நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகத்தில் சில கலைஞர்கள், அனுமதி பெறாமலே, ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியங்கள்மேல் தம் படைப்புகளைக் கைத்தொலைபேசி வழியே ஏற்றினர். அது குறும்புதான், எனினும் கலைக்கூடத்தில் எது தொங்க வேண்டுமென முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி அதில் இருந்தது. 2017இல் ஜெஃப் கூன்ஸின் பலூன் நாயை ஸ்னாப்சாட் நிறுவனம் சென்ட்ரல் பூங்காவின் வெளியில் மாயமாக நிறுத்தியபோது, செபஸ்டியன் எர்ராசுரிஸ் என்பவர் கிறுக்கல் நிறைந்த அதே நாயை அதே இடத்தில் நிறுத்தினார். பொதுவெளியின் காற்றையும் நிறுவனங்கள் வாடகையின்றிப் பிடித்துக்கொள்ளலாமோ என்பதே அவர் தொடுத்த வழக்கு. இவ்விருவகையினரும் பார்ப்பவனைச் சிந்திக்க வைத்தனர். விலங்கு பிடிக்க அனுப்பவில்லை.

நம் அரும்பொருளகங்கள் அடுத்த முறை இக்கருவியைக் கையிலெடுக்கையில், திரையில் தாப்பிர் துள்ளுமுன் மூல ஓவியத்தை அரை நிமிடமேனும் அசையாமல் காட்டட்டும். ஃபார்குவாரின் பெயருக்கு மேலே, பெயரறியாச் சீன ஓவியர் வரைந்தது என்று ஒரு வரி எழுதட்டும்.