சாறு அவனுக்கு, சக்கை நமக்கு

மூணு மாசத்துக்கு முன்னாடி மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தேனுங்க. கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற அக்கா மகன் போன் பண்ணினான்.

"மாமா, ஒரு ஷேர் நாலு ரூபாதான். பெரிய ஆளுங்க ஷார்ட் அடிச்சு மாட்டிக்கிட்டாங்களாம். ஷார்ட் ஸ்குவீஸ் வந்தா நாப்பது ரூபா போகுமாம். அம்மா நகையை வச்சு ரெண்டு லட்சம் போட்டுட்டேன். நீங்களும் மாடு வித்த காசைப் போடுங்க."

மாடு விற்ற காசு அடுத்த வெள்ளாமைக்கு வைத்தது. நான் போடவில்லை. அவன் போட்டது இன்னும் வெளியே வரவில்லை. தினமும் லோயர் சர்க்யூட், விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இல்லை.

இப்போ அவன் யாரைத் திட்டுகிறான் தெரியுங்களா? டெலிகிராமில் டிப்ஸ் கொடுத்தவனை இல்லை, செபியை! கண்காணிப்புப் பட்டியலில் போட்டு ஸ்குவீஸைத் தடுத்துட்டாங்களாம். டவுனில் படிச்ச பிள்ளைகள் நிறையப் பேர் இதையே பேசுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஷார்ட் ஸ்குவீஸ் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு வியாபாரி என்னிடம் பத்து மூட்டை மஞ்சளைக் கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்கிறான். விலை இறங்கினால் மலிவாக வாங்கித் திருப்பித் தரலாம் என்று கணக்கு. விலை ஏறிவிட்டால் அலறியடித்து வாங்குவான், அதனாலேயே இன்னும் ஏறும். அமெரிக்காவில் கேம்ஸ்டாப் பங்கு 2021 ஜனவரி ஆரம்பத்தில் 20 டாலருக்குக் கீழே இருந்தது. 28-ம் தேதி 483 டாலர் வரை போனது. அங்கே கடன் வாங்கி விற்றவர்கள் நிஜமாகவே ஏராளமாக இருந்தார்கள். அதுவும் அடுத்த மாதமே 50 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. உச்சியில் வாங்கியவன் கதி என்ன?

நம்ம நாட்டில் கையில் இல்லாத பங்கை விற்றால் அன்றைக்கே திரும்ப வாங்கியாக வேண்டும். நாள் தாண்ட வேண்டுமென்றால் பங்கை முறைப்படி கடன் வாங்க வேண்டும். நாலு ரூபா சில்லறைக் கம்பெனிப் பங்கை அப்படி யார் கடன் கொடுக்கிறார்? அதற்கு ஃப்யூச்சர்ஸும் கிடையாது. பல பென்னி ஷேர்கள் 'ட்ரேட் டு ட்ரேட்' பிரிவில் இருக்கின்றன. அதில் அன்றைக்கே விற்று வாங்கும் வேலையும் நடக்காது. அப்புறம் மாட்டிக்கொண்ட ஷார்ட்காரன் எங்கே இருக்கிறான்? ஆலையில் கரும்பே வைக்கவில்லை, சாறு வருகிறது என்கிறான். ஆலைக்குள் போனது உங்க கைதானுங்க.

சாத்னா பிராட்காஸ்ட் விஷயத்தைப் பாருங்கள். 2022 ஜூலையில் யூடியூபில், அதானி குழுமம் அந்தக் கம்பெனியை வாங்கப் போகிறது என்று பொய் பரப்பினார்கள். 2,167 ஆக இருந்த சிறு பங்குதாரர்கள் 55,343 ஆனார்கள். ஜனம் முட்டிமோதி வாங்கும்போது, உள்ளே இருந்தவர்கள் விற்றுவிட்டார்கள். செபியின் இடைக்கால உத்தரவு 2023 மார்ச்சில் வந்தது. இறுதி உத்தரவு 2025 மே மாசம். 59 பேருக்குத் தடை, சுமார் 58 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லி உத்தரவு.

செபியைத் திட்டணுமா? தாராளமாகத் திட்டுங்க. ஆனால் ஏன் கண்காணித்தாய் என்று திட்டாதீங்க, ஏன் இத்தனை வருசம் ஆச்சு என்று திட்டுங்க. வேலியே வேண்டாம் என்று கேட்பது வெள்ளாட்டுக்காரன் கேட்கிற கேள்வி, காட்டுக்காரன் அப்படிக் கேட்க மாட்டான்.

எங்க பக்கம் 2012-ல் ஈமு கோழியில் பணத்தை விட்டவர்களைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தீர்கள். நாங்களாவது கோழியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏமாந்தோம். நீங்கள் இல்லாத ஷார்ட்காரனை நம்பி ஏமாறுகிறீர்கள். அந்த மெசேஜை நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணுகிறவனும் கூட்டாளிதான். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் போன காசு வராது.

அக்கா கழுத்தில் இப்போ மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கு. நகையைத் திருப்ப அந்த மாடு வித்த காசில் பாதியைக் கொடுத்திருக்கேன். மாப்ளைக்கு ஒரே நிபந்தனை: அந்த குரூப்பை விட்டு வெளியே வரணும். இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கானாம்.