சாம்பல் நிற ஃபெர்குசன்

பிரிட்டனில் பழைய டிராக்டர் தேடும் சிறு விவசாயிகள் பலர் கடைசியில் போய் நிற்பது ஃபெர்குசன் டிஇ20 முன்னால்தான். 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் புது வண்டி ஓட்டிய கைகால்களுக்கு இது லேசில் வசப்படாது. ஸ்டார்ட் செய்வதே கியர் கம்பியால்தான். அதற்குரிய இடத்துக்குக் கம்பியைத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். ஆகவே கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி ஆளை இடிக்க வழியே இல்லை. எவ்வளவு எளிய யோசனை! கிளட்ச்தான் வில்லங்கம். மிதித்தால் சக்கரத்தோடு ஹைட்ராலிக் பம்பும் நின்றுவிடும். வண்டியை நிறுத்தி, கிளட்சில் கால் வைத்தபடியே கலப்பையைத் தூக்கும் பழக்கம் இங்கே செல்லாது. புல்வெட்டியை மாட்டினால் இன்னும் மோசம். கிளட்சை மிதித்த பிறகும், சுழலும் கத்தியின் வேகம், கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டு வழியே வண்டியை முன்னால் தள்ளும். வாய்க்கால் ஓரத்தில் இது விளையாட்டல்ல. அந்த வேகம் வண்டிக்குத் திரும்பாமல் தடுக்கும் ஓவர்ரன் கிளட்ச் ஒன்று போட்டால் தொல்லை தீரும். போடாமல் வீரம் பேசுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இதை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனின், கருவிகளை மாட்டும் மும்முனை இணைப்பு இன்று நம்மூர் டிராக்டர்களிலும் இருக்கிறது, சரி. ஆனால் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் அவர் வண்டியில் கிடையாது. பிரிட்டனில் புது டிராக்டர்களுக்கு அது கட்டாயமானதே 1970இல்தான். வாங்கியவர்களே, பளபளக்கும் பெயின்ட்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் அந்தச் சட்டகத்தையும் சீட் பெல்ட்டையும் பொருத்துங்கள்.