குடும்ப முற்றம்: முதன்முறை நம் கோவிலுக்கு வருவோர்



விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வருகிற தை மாதம் அவர் மகளுக்குப் பங்குக் கோவிலில் திருமணம். அழைப்பிதழ் பெற்றோரில் பாதிப்பேர் இந்துக்கள். உடன் பணியாற்றிய இசுலாமிய நண்பர் இருவரின் குடும்பங்களும் உண்டு. “இவர்களில் பலர் நம் கோவிலுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. எங்கே உட்காருவது, எப்போது எழுவது, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கேட்கிறார்கள். எனக்கே கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. சங்கடம் எதற்கு, நேராக மண்டபத்துக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா?” என்று கேட்கிறார்.

ஐயா, அப்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெண்ணின் வாழ்வு தொடங்கும் இடம் பீடத்தின் முன்னிலை. பந்திக்கு மட்டும் அழைப்பது பாதி அழைப்பே. எனினும் உங்கள் அச்சம் வீண் அச்சமன்று. அதற்குச் சான்றாக, நமக்கே நேர்ந்த ஒன்றை இங்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தில் எம் உறவினர் வீட்டுத் திருமணம். மணப்பெண்ணைச் சிறு வயதில் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர் வந்திருந்தார். நெற்றியில் குங்குமமும், கையில் மல்லிகைச் சரமுமாக நமக்குப் பின் வரிசையில் அமர்ந்திருந்தார். நற்கருணை வழங்கும் நேரம் வந்தது. எல்லாரும் எழுந்து வரிசையாகச் சென்றனர், அவரும் சென்றார். பிரசாதத்துக்குக் கைநீட்டுவதுபோல் வலக்கையை நீட்டினார். வழங்கிக்கொண்டிருந்தவர் கையைப் பின்னிழுத்து, “நீங்கள் கிறிஸ்தவரா?” என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டார். வரிசையில் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. அம்மையார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்க வாசல் வழியே வெளியேறினார். பந்தியில் அவர் இலை வெறுமையாகவே இருந்தது.

மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். கோபம் காட்டவில்லை, காப்பி கொடுத்தார். பிறகு, “எல்லாரும் கை நீட்டினாங்க, நானும் நீட்டினேன். எனக்கு இல்லைன்னா இல்லைதான், அதுல வருத்தமில்லை. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?” என்றார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. வழங்கியவர் காத்த விதி பிழையன்று. ஆனால் அவ்விதியை அந்த அம்மையார் அறிந்துகொண்ட இடம் பிழையான இடம். அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் முன் வரிசையில் அமர்ந்திருந்த நாமே. ஆகவே இத்திங்கள், விருந்தினர் அறிய வேண்டுவனவற்றை வாசலிலிருந்து தொடங்கி வரிசையாகக் கூறுவோம். அவர்களிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம் வாசகர்களுடையது.

முதலாவது, வருவோர் தம் வழக்கமான தோற்றத்திலேயே வரலாம். திருநீறும் குங்குமமும் தொப்பியும் நம் கோவில் வாசலுக்குத் தடையல்ல. அவற்றை அழித்துவிட்டு வரச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. உடை அடக்கமாக இருந்தால் போதும். பெண்கள் தலையை மூட வேண்டுமா என்று கேட்பார்கள். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் அவ்வாறு ஒரு விதி இருந்தது. 1983-இல் வெளியான புதிய சட்டத்தில் அது இல்லை. நம் பெண்களில் பலர் வழக்கம் கருதி முந்தானையால் மூடிக்கொள்கின்றனர். விருந்தினர்க்கு அது கட்டாயமன்று.

காலணியைப் பற்றி அந்தந்தக் கோவிலின் வாசலே சொல்லிவிடும். வெளியே செருப்புகள் வரிசையாக இருந்தால் நாமும் கழற்றிவிடுவது முறை. இதனைப் புதுப் பழக்கம் என்று எண்ண வேண்டா. இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று, 1969-ஆம் ஆண்டில் உரோமை நம் நாட்டுக்கெனப் பன்னிரண்டு வழிபாட்டு முறைகளுக்கு இசைவளித்தது. காலணி களைதல், தரையில் அமர்தல், முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கேற்றுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். முதன்முறை வரும் இந்து நண்பர்க்கு நம் கோவிலில் அந்நியமாகத் தோன்றாதவை பல உண்டென்பதை இதனால் அறியலாம்.

வாசலில் ஒரு தொட்டியிலோ கிண்ணத்திலோ தீர்த்தம் இருக்கும். பெருமாள் கோவில் தீர்த்தத்தை அருந்திப் பழகியவர் இதனையும் அருந்த முற்படக்கூடும். நம் தீர்த்தம் அருந்துவதற்கன்று. திருமுழுக்கை நினைந்து விரலால் தொட்டுச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வதற்கு. விருந்தினர் அதைத் தொடாமலே உள்ளே செல்லலாம். எவரும் தவறாக எண்ணார்.

உள்ளே சென்றதும் நம்மவர் முழந்தாளிட்டு அல்லது தலைவணங்கி அமர்வதைக் காண்பார்கள். விளக்கெரியும் நற்கருணைப் பேழையை நோக்கிச் செய்யும் வணக்கம் அது. விருந்தினர் அமைதியாகச் சென்று அமர்ந்தால் போதும். சில கோவில்களில் ஆடவர் ஒரு பக்கமும் பெண்டிர் ஒரு பக்கமும் அமரும் வழக்கம் இன்னும் உண்டு; ஆகவே குடும்பமாக வருவோர் சற்று நின்று பார்த்து அமர்வது நலம். பீடத்தைச் சூழ்ந்த இடத்துக்குள் செல்லலாகாது. செல்பேசியின் ஒலியை வாசலிலேயே அடக்கிவிட வேண்டும்.

திருப்பலி நடக்கையில் மக்கள் எழுவர், அமர்வர், முழந்தாளிடுவர். எல்லாரும் எழும்போது எழுவது மரியாதை. முழந்தாளிட விரும்பாதவர் அமர்ந்தே இருக்கலாம். பின்னிருப்பவர்க்கு மறைக்காதவாறு இருந்தால் சரி. பாடவும் மறுமொழி கூறவும் கட்டாயமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதுவரை இலத்தீனில் ஒலித்த திருப்பலி இன்று தமிழில் நடப்பதால், வாசகங்களையும் மறையுரையையும் விருந்தினரும் கேட்டுப் பொருள் கொள்ளலாம்.

திருமணத் திருப்பலியில் ஒன்றைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். இந்துத் திருமணங்களில் முகூர்த்த வேளை வரை உற்றார் உறவினர் பேசிக்கொண்டிருப்பதும், வருவதும் போவதும் இயல்பு. அங்கே அது குறையன்று. நம் திருமணமோ தொடக்கம் முதல் இறுதி வரை வழிபாடு. எனவே தாலி கட்டும் வேளையில் எழுந்து பீடத்தருகே திரளாமல், இருந்த இடத்திலிருந்தே வாழ்த்தலாம். மொய்யும் பரிசும் மண்டபத்தில் கொடுக்கலாம். காணிக்கைப் பை வரும்போது, விரும்புவோர் இடலாம். இடாமல் அடுத்தவரிடம் நகர்த்துவதும் தவறாகாது.

இறுதிப் பகுதியில், ஒருவர்க்கொருவர் சமாதானம் தெரிவிக்குமாறு குருவானவர் கூறுவார். அருகிலிருப்பவரை நோக்கிக் கைகூப்பி வணங்குவதே நம் நாட்டு முறை. இதில் விருந்தினர்க்கு எந்தத் தயக்கமும் வேண்டா. வணக்கம் எல்லார்க்கும் பொது.

அடுத்து வருவது நற்கருணை. நாம் முன்னரே வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம் இதுவே. கோவிலில் கொடுக்கும் பிரசாதத்தை வேண்டாமென்பது தமிழர்க்குப் பழக்கமில்லை. கேட்டு வந்தவர்க்கு மறுப்பதும் பழக்கமில்லை. எனவே நம் அயலார் கைநீட்டுவது பணிவினாலன்றி ஆசையினாலன்று. ஆனால் நற்கருணை பிரசாதமன்று. அந்த அப்பத்தில் கிறிஸ்துவே எழுந்தருளியிருக்கிறார் என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். அதை உட்கொள்வது அவ்விசுவாசத்தை ஏற்று, இத்திருச்சபையோடு ஒன்றித்திருக்கிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் அறிக்கையிடுவதாகும். அவ்விசுவாசம் இல்லாதவரை அப்படி அறிக்கையிடச் செய்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. பிற கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த உறவினர்க்கும், சட்டம் குறிப்பிடும் சில தனி நிலைகள் தவிர, இதுவே முறை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் மனம் ஆறுதலடையும். கத்தோலிக்கர் அனைவருமே ஒவ்வொரு முறையும் நற்கருணை வாங்குவதில்லை. ஒரு மணி நேரம் உண்ணா நோன்பு காக்காதவர் வாங்குவதில்லை. கனமான பாவம் தம்மிடம் உண்டென உணர்பவர் பாவசங்கீர்த்தனம் செய்யும்வரை வாங்குவதில்லை. ஆகவே அமர்ந்திருப்பது எவருக்கும் இழுக்கன்று. முற்காலத்தில் திருமுழுக்குப் பெறாதோரை மறையுரை முடிந்தவுடன் வெளியே அனுப்பிவிடும் வழக்கமிருந்தது; இன்று அவர்கள் இறுதிவரை இருந்து மன்றாடலாம். சில பங்குகளில், வாங்காதோர் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து வந்தால் குருவானவர் ஆசீர் அளிக்கிறார். உங்கள் பங்கில் அவ்வழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தோனியார் திருத்தலங்களில் மந்திரித்துப் பகிரும் ரொட்டியோ, திருவிழாப் பொங்கலோ நற்கருணையன்று. அவற்றை எவரும் மகிழ்ந்து வாங்கி உண்ணலாம்.

இனி நம் வீட்டாரின் கடமைகள். அழைப்பிதழ் கொடுக்கும்போதே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இவற்றை இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். அன்று விருந்தினரோடு அமர, குடும்பத்தில் விவரமறிந்த ஒருவரை ஒதுக்கி வையுங்கள். அவர் படம் எடுக்கவோ பந்தி பார்க்கவோ ஓடலாகாது. நற்கருணைக்குமுன் ஓர் அறிவிப்புச் செய்யுமாறு பங்குத் தந்தையை வேண்டிக்கொள்ளுங்கள். “கத்தோலிக்கர் அல்லாதோர் வரக்கூடாது” என்னும் அறிவிப்பு காதைச் சுடும். “நம்மோடு மன்றாட வந்திருக்கும் அன்பர்களுக்கு நன்றி. நற்கருணை வாங்கத் தம்மைத் தயாரித்துள்ள கத்தோலிக்கர் முன்வருக, மற்ற அனைவரும் இருந்த இடத்திலேயே மணமக்களுக்காக மன்றாடுமாறு அன்புடன் வேண்டுகிறோம்” என்றால், அதே விதி அன்போடு சொல்லப்படும். அதையும் மீறி ஒருவர் கைநீட்டினால், கேள்வி கேளாமல் ஆசீர் கூறி அனுப்புவது நாகரிகம்.

இருக்கை பற்றியும் ஒரு சொல். பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இடமும், கந்தை அணிந்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டித்திருக்கிறார். நம் பகுதிக்கு அக்கண்டனம் புதிதன்று. புதுச்சேரிக் கோவிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் பற்றியும், அதை அகற்றியபோது எழுந்த சச்சரவு பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். கல்லாலான சுவர் போயிற்று. கண்ணாலும் கையசைவாலும் எழுப்பும் சுவர் முற்றும் போயிற்றென்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? காரில் வந்த அதிகாரியை முன் வரிசைக்கு அழைத்துச் சென்று, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவைத் தூணருகே நிற்கவிட்டால், முதன்முறை வந்தவர் நம் மறையுரையை மறந்துவிடுவார். அந்தத் தூணை மறக்கமாட்டார்.

விழுப்புரத்து அன்பரே, உங்கள் விருந்தினரைத் தயங்காமல் கோவிலுக்கே அழையுங்கள். அவர்கள் சிறு தவறு செய்தால் வானம் இடிந்து விழாது; நாம் அவர்களைத் தலைகுனியச் செய்தால் அக்காயம் எளிதில் ஆறாது.

அந்தத் திண்டிவனத்து அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். ஈராண்டு கழித்து அப்பெண்ணின் குழந்தைக்குத் திருமுழுக்கு. பெண்ணே நேரில் சென்று அழைத்தாள், அம்மையார் வந்தார். அம்முறை நாம் அவர் பக்கத்திலேயே அமர்ந்தோம். நற்கருணை வரிசை எழுந்தபோது நாமும் எழவில்லை. “நீங்க போகலையா, தம்பி?” என்று மெல்லக் கேட்டார். “இன்று உங்களோடு இருக்கிறோம், அக்கா” என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் நமக்கு அடுத்த இலையில் அமர்ந்து, பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.