ஒரு வாசலில் இரண்டு கடுவன்

நாய்ச் சண்டையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நேயர்களே! உங்கள் வீட்டில் ஒரே ஒரு நாய் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். "பாவம், அதற்குத் துணையாக இன்னொன்று இருந்தால் நன்றாயிருக்குமே!" என்று என்றைக்காவது ஒரு நாள் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அந்த நாள் வருவதற்கு முன்னால் என் பெரியம்மாவின் கதையைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

காங்கயத்துக்குப் பக்கத்தில் பெரியம்மாவுக்குத் தோட்டம். கொங்கு நாட்டில் அவரவர் தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருப்பது பழைய வழக்கம். கிணற்றுக்குப் பக்கத்தில் சாளை. சாளையை ஒட்டி ஆட்டுப்பட்டி. அதைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக அது பாட்டுக்கு நீண்டு கிடக்கும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அடுத்த வீடு கிடையாது. ஆகவே அங்கே நாய் என்பது வெறும் செல்லப் பிராணி அல்ல. அதுதான் கதவு, அதுதான் பூட்டு.

மணி என்பது பெரியப்பா வளர்த்த நாட்டு நாய். அவர் காலமான அன்றைக்கு அது அவருடைய கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. அதன் பிறகு அதுதான் அதற்கு இடம். பெரியம்மாவும் அந்தக் கட்டிலை வாசலை விட்டு எடுக்க விடவில்லை.

மணிக்கு வயதாகிவிட்டதே, பட்டிக் காவலுக்கு ஆள் வேண்டுமே என்று 2022இல் அண்ணன் ஒரு ராஜபாளையம் குட்டியைக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேர் என்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் தபால் இலாகா நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டதே, அதில் இடம் பெற்ற வம்சமல்லவா? அந்தக் கம்பீரத்துக்குத் தகுந்தாற்போல் ராஜா என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்றரை வருஷம் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன. மணியின் காதைக் கடிப்பதும் வாலைப் பிடித்து இழுப்பதும் ராஜாவுக்கு விளையாட்டு. மணியும் பொறுத்துக்கொண்டது. "பார்த்தீர்களா, அப்பனும் மகனும் போல!" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். கடுவன் நாய்க்கு உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிடும். புத்தி முதிர்ந்து பெரியதனம் வருவது ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். குட்டியாக இருந்தபோது இருந்த சிநேகத்தை வைத்துக்கொண்டு பிற்காலத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுக்க முடியாது.

ஒரு நாள் சாயங்காலம் பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். காலடியில் மணி. ராஜாவும் வந்து நின்றது. மணி மெல்ல உறுமியது. "சும்மா கெட, அவனுக்கும் ஒரு வாய் வேண்டாமா?" என்று பெரியம்மா மணியை அதட்டிவிட்டு ராஜாவுக்கு ஒரு துண்டைப் போட்டாள். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் வாசலில் மகாபாரத யுத்தம்! பெரியம்மா பதறிப்போய் நடுவில் கையை விட்டாள். மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது. எந்த நாயின் பல் என்று கடைசி வரையில் தெரியவில்லை.

அந்த மாதத்தில் அது மூன்றாவது சண்டை. அண்ணன் முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஒரு வாசலுக்கு ரெண்டு கடுவன் ஆகாதும்மா. மணியைக் கொண்டுபோய் எங்காச்சும் உட்டுட்டு வந்தர்றேன்."

"உங்கொப்பன் கட்டலடியில கெடக்கற சீவன்டா அது! அதை உடறதுன்னா என்னையும் சேத்திக் கொண்டுபோய் உட்டுட்டு வா."

சரி, ராஜாவைக் கொடுத்துவிடலாம் என்றால் அதுவும் நடக்கிற காரியமாக இல்லை. 2024, 2025 ஆண்டுகளில் காங்கயம், வெள்ளக்கோவில் பக்கமெல்லாம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதையும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்தச் சமயத்தில் பட்டியைக் காவலில்லாமல் போடுவது எப்படி?

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. வளர்த்த நாயை "எங்காச்சும் விட்டுவிட்டு" வருவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். இன்றைக்கு நாம் கண் காணாத இடத்தில் இறக்கிவிடுகிற நாய்தானே நாளைக்குப் பசியோடு இன்னொருவர் பட்டிக்குள் நுழைகிறது?

கடைசியில் இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். எது பொல்லாத நாய் என்று அவர் கேட்கவே இல்லை. "சண்டை எந்த இடத்தில் நடந்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? கையில் என்ன இருந்தது?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தோம். முதல் சண்டை, அண்ணனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு இரண்டும் கேட்டருகே முண்டியடித்தபோது. இரண்டாவது, எங்கிருந்தோ கிடைத்த ஓர் எலும்புக்காக. மூன்றாவது, பெரியம்மாவின் காலடியில். அதாவது வரவேற்பு, தீனி, அன்பு. இந்த மூன்றும் நம் கையில் இருக்கிற விஷயங்கள் அல்லவா?

இது எங்கள் வீட்டு விசேஷம் அல்ல. ஒரே வீட்டில் சண்டை போடும் 38 ஜோடி நாய்களைப் பற்றி அமெரிக்காவில் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஜோடிகள் ஒரே பாலைச் சேர்ந்தவை. பெண் நாய்கள் சாது என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றின் பங்கும் பெரிதாகவே இருந்தது. வம்பை ஆரம்பித்தது பெரும்பாலும் பின்னால் வந்த நாய், இளைய நாய். மூட்டிவிட்ட காரணங்களோ, எஜமானரின் கவனம், உற்சாகம், சாப்பாடு, கண்டெடுத்த பொருள். எங்கள் பட்டியலேதான்!

"யார் பெரியவன் என்று அவைகளே அடித்துக்கொண்டு தீர்மானிக்கட்டும்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தவன்தான் தலைவன் என்ற பழைய எண்ணத்தின் வால் அது. ஓநாய்களோடு பல வருஷம் பழகிய டேவிட் மெக் என்ற விஞ்ஞானியே 1999இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்கள் பிள்ளைகள். ஒன்றுக்கொன்று உறவில்லாதவற்றைப் பிடித்து ஒரே அடைப்பில் விட்டபோதுதான் அந்தப் பழைய அடிதடி. நம் வாசலும் அப்படிப்பட்ட அடைப்புத்தானே?

மருத்துவர் மணியின் வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை, ஈறு வீங்கியிருந்தது. வலியோடு இருக்கும் கிழவனிடம் போய் இளவட்டம் தோளில் இடித்தால் கோபம் வராதா? பற்களை எடுத்தபின் மணியின் உறுமல் பாதி அடங்கிற்று. திடீரென்று குணம் மாறிய நாயை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், பிறகு திட்டலாம்.

ராஜாவுக்குக் காயடித்தார்கள். காளைக்குச் செய்வதுதான், நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சையாகச் செய்வார்கள். இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். 1976இல் 42 நாய்களை ஆராய்ந்ததில், ஊர் சுற்றும் பழக்கம் பத்தில் ஒன்பது நாய்களில் குறைந்தது. கடுவனோடு கடுவன் சண்டை ஏறக்குறைய பத்தில் ஆறில்தான் குறைந்தது. மற்றதை வீட்டார் செய்ய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்? சாப்பாட்டுத் தட்டு இரண்டு, அதுவும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இரண்டு இடங்களில். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். எலும்பு என்ற பேச்சே பொது வாசலில் வேண்டாம். வெளியிலிருந்து வந்தால், உற்சாகம் அடங்கும் வரையில் இரண்டையும் தொடாதீர்கள். யாருக்கு முதலில் என்று ஒரு வரிசை வைத்து, வீட்டார் அத்தனை பேரும் அதையே அனுசரியுங்கள். அம்மா ஒரு விதம், மகன் ஒரு விதம் என்றால் நாய் என்ன செய்யும்?

உறுமலை மட்டும் அதட்டி அடக்காதீர்கள். "எட்டிப் போ" என்று நாய் மரியாதையாகச் சொல்வது அது. அந்த மரியாதையை நாம் பறித்தால் மிச்சமிருப்பது பல்தான். உடம்பு விறைப்பது, இமை கொட்டாமல் முறைப்பது, மற்றதன் கழுத்தின் மேல் தலையைத் தூக்கி வைப்பது, இவற்றைக் கண்டவுடன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெவ்வேறு பக்கம் அனுப்பிவிடுங்கள்.

புதிதாகக் கொண்டுவருகிறவர்கள், முதல் சந்திப்பை வாசலில் வைக்காதீர்கள். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு வண்டித் தடத்தில், ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு, கயிற்றைத் தளர விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நடத்திச் செல்லுங்கள். முகத்துக்கு முகம் நிறுத்த வேண்டாம்.

மீறிச் சண்டை வந்துவிட்டால் கழுத்துப் பக்கம் கை போகவே கூடாது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய ஜமக்காளம், நடுவில் தள்ள ஒரு பலகை, இவற்றில் எது கிடைக்கிறதோ அது. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வருவதற்கு முன், வெறிநாய் கடித்தால் தென்னாட்டார் வடக்கே கசௌலிக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே மருந்து இருக்கும்போது அலட்சியம் எதற்கு?

இத்தனை செய்தும் சில ஜோடிகள் ஒத்து வராது. அப்போது ஒன்றுக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. வீடு பார்ப்பது வேறு, விட்டுவிட்டு வருவது வேறு.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ராஜாவுக்கு இரவெல்லாம் பட்டியில் உத்தியோகம். பகலில் பின்கட்டில் தூக்கம். மணிக்கு முன் வாசல். சாயங்காலம் அண்ணன் இரண்டையும் வேலி ஓரமாக நடத்திக்கொண்டு போவார். ஒன்றாக நடக்கும், ஒன்றாகத் தின்னாது. அதைச் சிநேகம் என்று சொல்ல மாட்டேன். வரப்பை ஒழுங்காக அளந்து கல் நட்டுக்கொண்ட பங்காளிகளின் சமாதானம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பெரியம்மா மணிக்கட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டு ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்னு காட்டறதுக்குத்தான் கண்ணு அந்த முறுக்கைப் போட்டேன். அதுதான் தப்பாப் போச்சு."

இப்போதெல்லாம் அவள் முறுக்கை உள்ளே உட்கார்ந்துதான் தின்கிறாள். வாசலில் கட்டில் அப்படியே இருக்கிறது. அதன் அடியில் மணியும் இருக்கிறது.